சாமைக்கு ஒரு மிஷின்

மிஷின் வேலைக்காரனுக்கு வீடு என்பது சட்டை மாற்றும் இடம். நீங்களும் ஸ்பேனர் பிடித்தவரென்றால் தலையாட்டுவீர்கள். என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில். மிஷின் பெல்ட்டை என் தோளில் மாட்டிவிட்டு, "மலைக்காரங்க தொரத்துனா நேரா வூட்டுக்கு வா, டீக்கடைல குந்தாதே" என்றாள். நான் மலையில் இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்தபின் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி மலை ஏறினேன்.

ஊதிப் பார்த்தது

மலையில் சாமையை உரலில் குத்தித்தான் அரிசியாக்குவார்கள். நான் டீசல் இன்ஜினோடு ஒரு நெல் மிஷினைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அறுவடை முடிவதற்குள் முழு அரிசி வராவிட்டால் மிஷினோடு இறங்கிவிட வேண்டும் என்றார் ஊர் நாட்டாமை. இறங்கி எங்கே போவது?

சாமை கடுகைவிடச் சற்றுத்தான் பெரிது. மிஷின் அதை மாவாக்கியது. முதலில் அரைக்க வந்த சின்னப்பொண்ணு ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். உமியோடு எல்லாமே பறந்தது.

"இன்னா மேஸ்திரி, இத்த கோழிக்குப் போட்டாக்கூட தும்மும்!"

டயர்

வேலூரிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஒருவர் பார்த்தார். அரைபடும் இடத்தில் இரண்டு பக்கமும் இரும்பு இருந்தால் நசுங்கத்தான் செய்யும். ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் ரப்பர் வையுங்கள் என்றார். கல் கிடைத்தது. மிஷினுக்கு ஏற்ற ரப்பருக்குத் திருப்பத்தூர் முழுக்க அலைந்து, கடைசியில் பழைய லாரி டயரோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க பஸ்ஸுக்கே ஸ்டெப்னி இல்ல, நீங்க சாமைக்கு டயர் மாட்டப் போறீங்களா?"

வாசனை

மலைக் கொல்லர் டயரை வெட்டி இரும்புத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கினார். முழு அரிசி வந்தது. சந்தோஷத்தில் ஊரை இரண்டு சுற்று நடந்தேன். மறுநாள் சின்னப்பொண்ணு வந்து நின்றாள்.

"அரிசி நல்லாத்தான் கீதுண்ணா. சோறுதான் பஸ்ஸுல வந்தாப்பல நாறுது."

இன்னொரு வெயில்

கல்லையும் ரப்பரையும் நெருக்கி இறுக்கினால் ரப்பர் சூடாகி நாறியது. தளர்த்தினால் உமி போகவில்லை. அறுவடை முடிய நாலைந்து நாள்தான். மிஷினையே சுற்றிச் சுற்றி வந்தேன். சின்னப்பொண்ணு பொறுக்காமல் தன் சாமையைப் பாறையில் இன்னொரு வெயில் காயவைத்துக் கொண்டுவந்து கொட்டினாள். தளர்த்தி ஓட்டினேன். காய்ந்த உமி லேசாகக் கழன்றது, நாற்றமும் இல்லை. நாட்டாமை நாலு அரிசியை வாயில் போட்டு மென்றார்.

"மிஷின் இருக்கட்டும்பா. நீ கொஞ்சம் குந்து, பாக்கற எங்களுக்கே தலை சுத்துது."

அடுத்த ஊர்

சில வருஷம் கழித்து, ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ஊரில் அதே மாதிரி கல்லும் டயரும் வைத்த மிஷின். உமியை ஊதித் தள்ள ஒரு காற்றாடி வேறு. யார் செய்தது என்று ஓட்டுபவரிடம் கேட்டேன்.

"யாரோ கீழ்நாட்டு மேஸ்திரி பண்ணாராம். பொடைக்கிற வேலைய அப்படியே வுட்டுட்டாரு. நாங்கதான் சரி பண்ணிக்கினோம்."

இன்று மலையில் ஓடும் அந்த மிஷின்கள் எதிலும் என் பெயர் இல்லை, எல்லாவற்றிலும் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். நானும் மலையைவிட்டு இறங்கவில்லை.