பழமும் பயமும்

"அம்பத்தூர் பள்ளிக்குச் செவித்திறன் பரிசோதகர் வந்தார்" என்று என் 1988 டைரியில், ஜூலை மாதப் பக்கமொன்றில் இருக்கிறது. தேதி மை ஊறி அழிந்துவிட்டது. படிப்பில் பின்தங்கிய என் மகள் இரண்டாம் வகுப்பில் தொடரலாமா, வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மெலிந்த மனிதர். குழந்தைகள் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பரீட்சை அட்டையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவார். டீ வேண்டுமா என்று கேட்டபோதும் அட்டை இறங்கவில்லை.

"நல்லா கேளு பாப்பா. பயம், பயம். ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதான் சார்."

"தப்பு. ஒண்ணு துன்ற பயம். இன்னொண்ணு பேயைக் கண்டா வர்ற பயம்."

"ரெண்டையும் ஒரே மாதிரிதானே சார் சொன்னீங்க?" என்றேன்.

அட்டைக்கு மேலே அவர் கண்கள் என்மீது இரக்கப்பட்டன. "சில பேருக்கு இது பரம்பரையா வர்றதுதான் சார்."

தலைமையாசிரியையும் வந்து கேட்டுப் பார்த்தார். அவருக்கும் ஒன்றாகத்தான் கேட்டது. மகள் அதே வகுப்பில் தொடர்ந்தாள்.

எங்கள் மூவருக்கும் காதுப் பயிற்சி தேவை என்று பரிசோதகர் அறிக்கை எழுதியதாகக் கேள்வி. அந்த அறிக்கையை நான் பார்த்ததில்லை. இன்றுவரை உறுதிசெய்யவும் முடியவில்லை.