சாமி ஏறிவந்த பிரெஞ்சு விமானம்

எங்கள் அருமை அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிச் சிறிது சொல்லத் தங்கை நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணன் பர்மாவில், ஆற்றங்கரையோரம் உள்ள க்யிம்யிண்டைங்கில் பிறந்தார். அப்பா படகுத்துறையில் மூட்டை சுமந்தவர். அவர் சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் கல்யாணப் பந்தல்களுக்கும் கோயில் சப்பரங்களுக்கும் மூங்கில் அலங்காரம் கட்டி அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை.

எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சியால் ஊரே கதவடைத்துக் கிடந்த மாதங்களில் அவருக்கு வேலை இல்லை. கியாக்டடா பகுதி நடைபாதைக் கடையில் எப்போதோ வாங்கிய பழைய பிரெஞ்சுப் பத்திரிகையை ஜன்னலோரம் விரித்து, அதிலிருந்த ஒரு விமானப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாடிவீட்டு ஆசிரியை டோ கின் பிரெஞ்சு படித்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் சிப்பாய்களையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிச் செல்லப் பிரெஞ்சுக்காரர்கள் செய்து பார்த்த சிறு விமானம் அது என்றும், யாரும் வாங்க முன்வராததால் ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள் என்றும் அவர் படித்துச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் அண்ணன். "பாவம் தங்கச்சி, துணையில்லாம பறந்திருக்கு."

சில ஆண்டுகள் கழித்து, பங்குனி உத்திர ஊர்வலத்துக்குச் சப்பரம் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. லாரியின்மேல் மூங்கிலும் காகிதமும் கொண்டு அந்த விமானத்தையே எழுப்பினார். உயரத்தில் இறக்கை, இரண்டு எஞ்சின், பருத்த வயிறு. வயிற்றின் பக்கத்தைத் திறந்து முருகனுக்கு இடம் வைத்தார். கோயில் தலைவர் பார்த்துக் கோபித்தார். பட்டாளத்து விமானத்தில் சாமியை ஏற்றினால் ஊர் என்ன பேசும், பிரித்துப் போடு என்றார். இந்த வேலை கெட்டால் வேறெந்தக் கோயிலும் அவரைக் கூப்பிடாது என்று நான் பயந்தேன்.

அண்ணன் தணிந்த குரலில் சொன்னார்: "இது சண்டைக்கே போகலீங்க ஐயா. யாருக்கும் வேணாம்னு நின்னுபோச்சு. சாமியாச்சும் ஏறட்டுமே."

தலைவர் லாரியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "இறக்கை சந்துல இடிக்காம பாத்துக்க தம்பி" என்று சொல்லிப் போனார்.

ஊர்வலத்தன்று மாலை, சப்பரம் போகும் பபேடான் தெருக்களில் மின்சாரம் போயிற்று. பாட்டரி விளக்குகள் மினுங்க, அந்த வெள்ளை விமானம் மட்டும் இருட்டில் மெல்ல மிதந்து வந்தது. மாடிகளில் இருந்தவர்கள் காயப்போட்ட லுங்கிகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் முன் நின்ற பாய்மார்கள் தாழ்ந்து தொங்கிய கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்தார்கள். அண்ணன் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். "பறக்குது தங்கச்சி" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. லாரிச் சக்கரம் உருண்ட சத்தம் என் காதில் விழவே இல்லை.

கடைசி மாதங்களில் அவருக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. ஒரு காலையில் தேநீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் அமைதியாகப் பிரிந்துவிட்டார்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்து படியேறிய பக்கத்து வீட்டுக் கோ மின்னுக்கும், நாள்தோறும் கஞ்சி கொடுத்தனுப்பிய டோ கின் வீட்டாருக்கும், ஒரு சொல்லும் புரியாமலே கிரியை முடியும்வரை எங்களோடு நின்ற பர்மிய நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. பெரியவர்கள் தயவுசெய்து இதை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.