குரல் அங்கே, கை இங்கே

நெரெய்தா கோபக்காரி என்று ரெபோலோ பேட்டை முழுக்கப் பேச்சு. பேச்சு பொய்யில்லை. ஆனால் கோபக்காரி ஆவதற்கு முன்னால் அந்தப் பேட்டையிலேயே வாய்விட்டுச் சிரிக்கிறவள் அவள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிப் போகும்.

தொழில் போயோ விற்பது. மக்காச்சோளத்தை அரைத்துப் பிசைந்து, தோகையில் சுற்றிக் கட்டி வேகவைத்து, காலைப் பசிக்குச் சுடச்சுடக் கொண்டுபோக வேண்டும். பார்ரங்கீயா ஊரில் போயோக்காரி வராத தெரு ஏது? அவள் தொழிலுக்கு வந்த அன்று பத்தோடு பதினொன்று. போர்டு எழுத வக்கில்லை, ரேடியோவில் சொல்ல வக்கில்லை. இருந்ததெல்லாம் தலையில் ஒரு அலுமினிய அண்டா, கழுத்தில் ஒரு தொண்டை.

முதல் நாள் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் குடியிருந்த துலியா மட்டும் வந்தாள். வாங்கினதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கேட்டிலேயே நின்று, உப்புச் சீஸைக் கடித்துக்கொண்டு, தெரு பார்க்க "ம்ம், ம்ம்" என்று தின்றாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளும் வந்தாள். காசு கொட்டினாலும் கிடைக்காத விளம்பரம் அது.

நெரெய்தாவுக்கு அன்றைக்கே ஒன்று உறைத்தது. எல்லாரும் பண்டத்தின் பேரைச் சொல்லிக் கூவுகிறார்கள். நான் ஏன் ஆளின் பேரைச் சொல்லிக் கூவக் கூடாது?

மறுநாளிலிருந்து தெருவே அல்லோலகல்லோலம். "துலியா! ஏ ராணி! இன்னுமா தூங்குறே? புருஷன் பட்டினியாக் கெடக்கான், போயோ ஆறுது, வா வெளியே!" அடுத்த வீட்டுக்கு, "தச்சரே! நேத்து கடுசா இருக்குன்னீங்களே, இன்னைக்குப் பஞ்சு மாதிரி கொண்டாந்திருக்கேன். பல்லை வீட்லயே வச்சுட்டு வாங்க!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. பேர் வராத வீட்டுக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஏண்டி, எம் பேரைச் சொன்னா உனக்கு வாய் சுளுக்கிக்குமா?"

"ஒரு வாரம் வாங்கித் தின்னு, அப்புறம் உம் பேரையும் பாடுறேன்" என்பாள் நெரெய்தா.

பேருக்காகவே வாங்கினவர்கள் உண்டு.

இப்படி வருஷக்கணக்கில் கத்தினால் தொண்டை என்ன இரும்பா? கம்மிப் போயிற்று. அப்போதுதான் எவெலியோ வந்தான். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் கைப்பிடித்த ஞானத்தகப்பன். கூடப் பிறந்தவனுக்கும் மேலே என்று அவனை அண்ணே, அண்ணே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள் பைத்தியக்காரி. "நீ கத்தாதே நெரெய்தா. ஒரு தடவை நல்லாக் கத்து, ரெக்கார்டு பண்ணிக்குவோம். மூணு சக்கர வண்டில ஸ்பீக்கரைக் கட்டி நான் மிதிக்கிறேன். நீ நிம்மதியா வேக வை" என்றான்.

நல்ல யோசனைதான். யோசனையில் குறையில்லை, ஆளில்தான் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு, தெருத் தெருவாக அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதிந்தாள். நடுவே சிரிப்பு வந்ததைக்கூட அழிக்கவில்லை. வண்டியை அவன் பேரில் வாங்கினார்கள். அண்ணன்தானே!

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த வருஷ மழையில் தெரு ஆறாக ஓடினபோது, நெரெய்தா வெள்ளத்தில் கால் இடறி முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டாள். மாசக்கணக்கில் கட்டிலே கதி. "நான் பாத்துக்கிறேன்" என்றான் எவெலியோ. பார்த்துக்கொண்டான், நன்றாகவே பார்த்துக்கொண்டான். அவள் கம்பு ஊன்றி எழுந்து போனபோது, அவன் வீட்டுக் கொல்லையில் வேறொருத்தி புளித்துப்போன மாவில் போயோ கட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி எம் பேர்ல இருக்கு" என்றான், டோமினோ ஆடிக்கொண்டே, நாலு பேர் முன்னால்.

"வண்டியை வச்சுக்க அண்ணே. வச்சுட்டு நல்லா இரு. அதுல இருக்கிற எங்குரலை மட்டும் அழிச்சிடு."

"குரலுக்கு என்ன பட்டாவா வச்சிருக்கே?" என்றான் அந்தப் பாவி. நாலு பேரும் சிரித்தார்கள். நெரெய்தா கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

வண்டி போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தச்சர் வழியில் மறித்து, "என்னம்மா, கல்லையா வேக வச்சு அனுப்புறே? உன் வாய்க்கு மயங்கி வாங்கினேன், இருந்த ரெண்டு பல்லும் ஆடுது" என்றாரே, அதுதான் நெஞ்சில் தைத்தது. அந்த நாற்றப் போயோவை விற்பது அவள் குரல். அவள் சிரிப்பு. அவள் பேர் தினமும் காலையில் தெருத் தெருவாக நாறிக்கொண்டு போகிறது, அதுவும் அவள் வாயாலேயே. இந்தத் தொழிலில் பேர் போனால் அப்புறம் என்ன மிச்சம்? பேரை மீட்க வேண்டும், அவனை அழவைக்க வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

சரிடா மகனே என்று பழைய அண்டாவை மறுபடி தலையில் தூக்கினாள். இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. எவெலியோ வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே போட்ட வழி. வண்டிக்கு ஒரு மூலை முன்னால் போய் நின்றுகொள்வாள். தூரத்தில் ஸ்பீக்கர் அவள் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும். கதவு திறக்கும். தட்டோடு வந்தால் எதிரே சாட்சாத் நெரெய்தா, ஆவி பறக்கும் அண்டாவோடு.

"அடியே, அங்க கத்துறது நீதானே? இங்க எப்படி நிக்கிறே?"

"குரல் அங்கே, கை இங்கே. எது வேணுமோ அதைத் தின்னு."

அந்தப் பேச்சு அண்டாவுக்கு முன்னால் ஓடிற்று. முதலில் வாங்கினவள் மறுபடியும் துலியாதான். கேட்டில் நின்று, எவெலியோ கடந்துபோகிற வரைக்கும் மென்று காட்டினாள். அவன் பெட்ரோல் மாதிரி வியர்வை ஊற்றி மிதிக்கிறான், பாட்டரி போடுகிறான், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறான். விற்பது இவள் அண்டா. அவன் செலவில் அவளுக்கு விளம்பரம்! சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது.

எவெலியோ சும்மா இருப்பானா? அவள் குரலைத் தூக்கிவிட்டு, காசு கொடுத்து ரேடியோக்காரன் ஒருவனைப் பேசவைத்தான், மேளதாளத்தோடு. தேர்தல்காரன் வருகிறான் என்று ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் நெரெய்தா குரல் வண்டிக்குத் திரும்ப வந்தது. ஸ்பீக்கர் பிடரிக்கு நேரே அலறுவதால் எவெலியோ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் மிதிப்பான். அந்தக் குரலை அத்தனை நாள் விற்றானே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்புறம் துலியா செத்துப்போனாள். சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

விடியும்போது முன்னறையில் பெட்டி, நாலு மெழுகுவத்தி. தெருவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. நெரெய்தா அழுது முகம் வீங்கி, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அண்டா நிறையப் போயோ கொண்டுவந்து வைத்துவிட்டு, காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துவீட்டு பெத்சாய்தா காதோடு வந்து கேட்டாள்.

"எவெலியோவுக்கு ஒரு போன் போடட்டுமாடி? அந்த ரெக்கார்டுல இவ பேரு வருதே."

நெரெய்தாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு டம்ளரை நிரப்பினாள்.

"வேண்டாம். தினம் அதை வச்சுப் பொழைக்கிறவனுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாதா? அவனே நிறுத்தட்டும்."

பெட்டிப் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு தடவை, ராணி. பொறுத்துக்க. நீயா இருந்தாலும் இதைத்தான் செய்வே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வண்டி மூலை திரும்பிற்று. இத்தனை நாற்காலியையும் கூட்டத்தையும் கண்டு, ஏதோ விசேஷம், நல்ல வியாபாரம் என்று எவெலியோவுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். சத்தத்தை இன்னும் கூட்டினான்.

"துலியா! ஏ ராணி! இன்னுமா தூங்குறே? புருஷன் பட்டினியாக் கெடக்கான், போயோ ஆறுது, வா வெளியே!" கூடவே அந்தச் சிரிப்பு.

உள்ளேயிருந்து துலியாவின் புருஷன் எலியெசர் எழுந்தார். நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்த மனுஷன். பழக்கத்தில் அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டுவரை வந்துவிட்டார். திரும்பி உள்ளே பார்த்து, "துலியா, உனக்கு ரெண்டா மூணா?" என்று கேட்டார்.

கேட்டதும் அவருக்கே ஞாபகம் வந்தது. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

ஐயோ, இதையா நான் கேட்டேன் என்று நெரெய்தா பதறினாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தட்டில் இரண்டு போயோ வைத்தாள். அதற்குள் துலியாவின் மகன் ஆபெல் வண்டி மேல் பாய்ந்திருந்தான். வண்டியிலிருந்த அண்டா கவிழ்ந்தது. எவெலியோ தெருவில் உருண்டான். காதுப் பஞ்சு போன பிறகுதான் தன் வண்டி என்ன கத்துகிறது என்று அவன் காதில் விழுந்தது.

"நான் இல்லப்பா! சத்தியமா எனக்குத் தெரியாது! அது நெரெய்தா குரல், அவளை உதைங்க! நெரெய்தா, உங்குரல்தான்னு நீயே சொல்லேம்மா!"

கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் நொண்டிக்கொண்டே வந்து அவனுக்கு நேரே நின்றாள்.

"எங்குரலா? குரலுக்கு என்ன பட்டாவா வச்சிருக்கேன், அண்ணே?"

ஆபெல் ஒயரைப் பிடுங்கினான். அதற்கப்புறம் எவெலியோவுக்கு விழுந்த அடியை நான் சொல்லப் போவதில்லை. நெரெய்தா நின்று நிதானமாகப் பார்த்தாள், நடுவே யாரையும் தடுக்கவில்லை. எவெலியோ வண்டியை விற்றுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

இப்போது நெரெய்தா மறுபடி சொந்தத் தொண்டையில் கூவுகிறாள், கம்மலோடு. துலியா வீட்டு முன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை. எலியெசர் தட்டோடு வந்து நிற்பார், இரண்டு வைத்துவிட்டுப் போவாள். அந்தத் தட்டு அவளை இன்றுவரை உறுத்துகிறது. எவெலியோவை நினைத்துக் கடுகளவு உறுத்தலும் இல்லை.

போன ஈஸ்டருக்குச் சாமியார் பிடித்துக்கொண்டார். "அவனை மன்னிச்சிட்டியாம்மா?"

"மன்னிக்காம என்ன சாமி. அவன் சாகட்டும். வாசல்ல போய் நின்னு, ‘எவெலியோ அண்ணே, போயோ ஆறுது, வெளிய வா’ன்னு ஒரு தடவை கூப்பிடுறேன். வரலேன்னா, அன்னைக்கு மன்னிச்சிடுறேன்."