நாலாவது கல்

மிளகாய் எங்கே என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் காய்கறிக் கடைக்கு வழி சொல்ல மாட்டார்கள். லாரிகள் வளைந்து திரும்புகிற முக்கில் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே ஏதாவது ஒரு ஜீப்பின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கால்களுக்குச் சொந்தக்காரன் மேலே நிற்பவரைத் திட்டிக்கொண்டிருப்பான். முகத்தைப் பார்க்காமலே திட்டலாம் என்கிற வசதிக்காகத்தான் அவன் மெக்கானிக் ஆனான் என்று எதிர்ச்சாரியில் இருக்கும் டயர் கடைக்காரர் சொல்வார்.

ஸ்பானர் நழுவினால் ஸ்பானரைத் திட்டுவான். நழுவாமல் பிடித்துக்கொண்டால், இத்தனை நாள் ஏன் நழுவினாய் என்று திட்டுவான். "வண்டி ரொம்ப ஆடுதுங்க" என்று யாராவது வந்து நின்றால் போதும்.

"கல்லு மேல ஏத்தினா ஆடத்தான் செய்யும். ஆடக்கூடாதுன்னா வீட்டுக்குள்ளயே கட்டில் மேல உக்காந்துக்கங்க."

அப்படியும் ஆட்கள் வந்தார்கள். மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற குவாரிப் பக்கம் ஓடும் ஜீப்புகளுக்கு ஷாக் அப்சார்பர் பார்ப்பதில் அவனை விட்டால் ஆளில்லை. வேலை முடிந்ததும் வண்டியின் பின் மூலையில் ஏறி ஒரு மிதி மிதிப்பான். காலை எடுத்ததும் வண்டி ஒரே ஒரு தடவை நிதானமாக எழுந்து அப்படியே நிற்க வேண்டும். குதிக்கவும் கூடாது, தள்ளாடவும் கூடாது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருமே அப்படித்தான் பார்ப்பார்கள். இவன் கைபட்ட வண்டி மற்ற வண்டிகளைவிட இன்னும் மெதுவாக எழும்; பெரிய மனுஷி நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைப் போல. வாடிக்கையாளர் வாய் பிளந்து பார்ப்பார். "பாத்தாச்சில்ல? கெளம்புங்க" என்று துரத்துவான். அவன் பார்த்து அனுப்பிய வண்டி குறை சொல்லிக்கொண்டு திரும்பி வந்ததே கிடையாது.

திரும்பி வந்த முதல் வண்டி, அவனுடைய அக்காள் வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டி.

தம்பி மிளகாய் என்றால் அக்காள் அதன் விதை. அம்மா வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். அவன் அழுவதற்கு முன்பே அவள் கத்திவிடுவாள் என்பதால் அழுகை என்ற ஒன்றை அவன் சரியாகக் கற்றுக்கொள்ளவே இல்லை. இப்போது மலைமேல் கல் குவாரியின் தொழிலாளர் வீடு ஒன்றில் இருக்கிறாள். புருஷன் குவாரி ஜீப்புக்கு டிரைவர். மழைக்காலத்தில் வாசல் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். அடி, தம்பியைச் சுமந்த அதே இடுப்பில்.

வாரம் தவறாமல் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து முதுகை இழுத்துக் கட்டிக்கொண்டு பயிற்சியும் செய்ய வேண்டும், தவறினால் இடது கால் மரத்தது மரத்ததுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இடது செருப்பு காலிலிருந்து கழன்று விழுவது அவளுக்குத் தெரிவதில்லை. செருப்பை நாலு அடி பின்னால் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பாள். யாராவது எடுத்துக் கொடுத்தால், கொடுத்தவருக்குத் திட்டு விழும்.

குவாரியிலிருந்து இறங்குகிற பாதையைப் பாதை என்பது மரியாதைக்காகத்தான். லாரிகளிலிருந்து சிந்தின கல்லும், லாரிகள் தோண்டின பள்ளமுமாகக் கிடக்கும். ரோடு போடுங்கள் என்று ஆட்கள் போய்க் கேட்டபோது முதலாளி சிரித்தார். "ரோடு போட்டா லாரி மறுபடி கெடுக்கும். நம்ம ஜீப்புக்கு நல்ல ஷாக்கா வாங்கிப் போட்டுடலாம்." போட்டும்விட்டார். தங்க நிறத்தில் பளபளவென்று நாலு ஷாக், வெளிநாட்டுச் சரக்கு. மலையையே உடைத்து விற்கிறவருக்குத் தன் வாசல் வழியில் இரண்டு லோடு ஜல்லி கொட்ட மனசு வரவில்லை என்று மிளகாய் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தான். ஆனால் ஷாக்குகளைக் கையில் வாங்கியதும் சட்டை முனையால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தான். அவ்வளவு அழகான பொருள்.

ஒவ்வொன்றிலும் இரண்டு திருகுகள் இருந்தன. மேலே இருப்பது, சக்கரம் கல்லில் ஏறும்போது ஷாக் எவ்வளவு லேசாக அமுங்க வேண்டும் என்பதற்கு. கீழே இருப்பது, அமுங்கியது எவ்வளவு வேகமாகத் திரும்பி நீள வேண்டும் என்பதற்கு. முன்பக்க ஷாக்குகளை வந்தது வந்தபடியே மாட்டிவிட்டான். அக்காளால் நிமிர்ந்து உட்கார முடியாது, பின் சீட்டில் சாய்ந்து படுத்துத்தான் வருவாள் என்பதால், பின்பக்கத்துக்கு மட்டும் தனியாக மெனக்கெட்டான். மேல் திருகைத் தளர்த்தி, மெத்தைபோல அமுங்கும்படி செய்தான். அமுங்கியது எகிறி அவள் இடுப்பை உதைக்கக் கூடாதே என்று கீழ்த் திருகை நன்றாக இறுக்கினான். மிதித்துப் பார்த்தான். வண்டி ராணிபோல எழுந்து நின்றது.

"தண்ணியில போற மாதிரி இருக்கு மாப்ளே" என்றார் மாமா, ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு.

அக்காள் அதில் இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் முன்னாலும், "இது வண்டியில்ல, உரலு. நான் உள்ள கெடந்த நெல்லு" என்றாள்.

மிளகாய்க்கு மண்டை சூடேறியது. ஜீப்பைப் பட்டறைக்கு ஓட்டி வரச் சொல்லி, மேல் திருகை இன்னும் தளர்த்தினான். கீழ்த் திருகை இன்னும் இறுக்கினான். அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கே வந்தாள். புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, வேறொரு ஜீப்பின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துப் பேசினாள்.

"டேய், வெளிய வா."

"வேலையா இருக்கேன்."

"அங்கயே கெட. காது இருக்குல்ல? மொதக் கல்லு ஒண்ணும் பண்ணல. ரெண்டாவதும் பரவால்ல. மூணாவதுல கொஞ்சம் தூக்கிப் போடுது. நாலாவது கல்லு நேரா இடுப்புல வந்து உக்காருது."

படுத்திருந்த சக்கரப் பலகையோடு அவன் வெளியே உருண்டு வந்தான். "கேட்டீங்களா, கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டுட்டு வந்திருக்கா! எங்க அக்கா வர்றான்னு அதுங்க வரிசையில நிக்குதுங்களாம்!"

டயர் கடைக்காரர் சிரித்துவிட்டார். காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை.

"நல்லா சிரிங்க. இனிமே இந்தச் சனியன்ல ஏறினா என்னன்னு கேளு. கால் போனா போகட்டும், இன்னொண்ணு இருக்கு."

திரும்பிப் போகும்போது இடது செருப்பு பட்டறை வாசலிலேயே கிடந்தது. அவன் அதை எடுத்து ஜீப்புக்குள் விட்டெறிந்தான்.

சொன்னபடியே அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மாமா போனில் பேசினார். "மாப்ளே, நேத்து சாயங்காலம் அடுப்புத் தணல் காலுல பட்டிருக்கு. கொப்புளம் வந்த பிறகுதான் பாத்தா. டாக்டர்கிட்ட கேட்டேன், இன்னிக்காவது கூட்டிட்டு வாங்கங்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா."

"நீங்க சொல்லி அவ எதைக் கேட்டிருக்கா?" என்று கத்திவிட்டுப் பைக்கை எடுத்தான்.

வழி நெடுகக் கோபம். லாரிக்காரன்மேல், முதலாளிமேல், குறுக்கே வந்த ஆட்டின்மேல். எல்லாவற்றுக்கும் மேலாக அக்காள்மேல். உலகத்திலேயே நல்ல ஷாக்கை உலகத்திலேயே நல்ல கை திருகி வைத்திருக்கிறது. பிடிவாதத்துக்காகக் காலைப் பறிகொடுக்கப் போகிறாள்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கால் போர்வைக்கு வெளியே, வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பெருவிரல் பக்கம் கொப்புளம்.

"எந்திரி. கெளம்பு."

"வாசல்ல நிக்குதே ஒரு வண்டி, அதுலயா?"

"அந்த வண்டிக்கு என்ன? மாமாவைக் கேளு."

"அவரு முன்னாடி உக்காந்து ஓட்டுறாரு. நீயும் முன்னாடி உக்காந்துதான் ஓட்டிப் பாத்த. பின்னாடி எப்பவாவது உக்காந்திருக்கியா?"

"நான் எதுக்குப் பின்னாடி உக்காரணும்? நான் மெக்கானிக்."

"அதைத்தான் சொல்றேன்" என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு அதிர வெளியே வந்தான். ஜீப்பின் பின்கதவைப் பிடுங்குவதுபோலத் திறந்து, அக்காளின் தலையணையை இடுப்புக்குக் கீழே போட்டு, அவள் படுக்கிற மாதிரியே படுத்தான். "எடுங்க மாமா. அவளை எப்படிக் கூட்டிட்டுப் போனீங்களோ அதே மாதிரி போங்க. எனக்காக ஒண்ணும் பாக்க வேணாம்."

முதல் கல் வந்தது. பஞ்சில் ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. "பாத்தீங்களா!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னான். இரண்டாவதும் போனது. மூன்றாவதில் தலையணை நகர்ந்தது. நாலாவதில், அடியில் இரும்பு போய் ரப்பர் கட்டையில் முட்டிய சத்தம் அவனுக்குப் பல்லில் கேட்டது. முதுகெலும்பை யாரோ அடியிலிருந்து சுத்தியலால் தட்டிய மாதிரி ஒரு வெட்டு, பிடரிவரை. வாய்விட்டுக் கத்தினான். ஐந்தாவது அதைவிட மோசம்.

"நிறுத்துங்க!"

"என்ன மாப்ளே, உயிரோட இருக்கீங்களா?"

இறங்கி அடியில் புகுந்தான். பின்பக்கம் பாதிக்குமேல் குந்தியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், மிக மெதுவாக, மிக மரியாதையாக, ராணி எழுந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு கல்லில் அமுங்கிய ஷாக், முழுசாக நீண்டு முடிப்பதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது. மூச்சை விட்டவன் திரும்ப இழுப்பதற்குள் வயிற்றில் அடுத்த குத்து. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, நாலாவது கல்லுக்கு அமுங்குவதற்கு இடமே இல்லாமல் கட்டையில் போய் முட்டுகிறது. பட்டறையில் மிதிப்பது ஒரே ஒரு மிதி. ஓட்டிப் பார்க்கிற தெருவில் இருப்பது ஒரே ஒரு வேகத்தடை. அங்கே முதல் கல் மட்டும்தான் உண்டு. நாலாவது கல் இருந்ததே இல்லை. அவள் புகார் சொல்லச் சொல்ல அவன் எந்தத் திருகை இறுக்கினானோ, அந்தத் திருகுதான் அவளை இடித்திருக்கிறது. வந்தபடியே விட்ட முன்பக்கம் நன்றாக இருந்தது. அவளுக்கென்று கைவைத்த பின்பக்கம்தான் உரல்.

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இப்படி ஒரு நிலைமை அவனுக்கு வந்ததே இல்லை. கல் ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் எறிந்தான்.

கீழ்த் திருகைத் தளர்த்தினான். மறுபடி படுத்தான், மாமா மேலேற்றி இறக்கினார். இந்தத் தடவை வண்டி கழுதைபோல உதைத்து அவனைக் கூரையில் முட்ட வைத்தது. கொஞ்சம் இறுக்கினான். மேல் திருகையும் முட்டாத அளவுக்கு ஒரு பிடி பிடித்தான். அக்காளும் தானும் சேர்ந்து ஏறினால் வரும் கனம் கிடைக்கிற அளவுக்குக் கல் மூட்டைகளை ஏற்றி, அவற்றுக்கு நடுவே தானும் கிடந்தான். போனான், வந்தான், போனான், வந்தான். கடைசியில் நாலாவது கல் முதல் கல்லைப்போல இருந்தது. முதல் கல் முன்பு இருந்த அளவுக்குச் சொகுசாக இல்லை. போகட்டும். ஒரு மூலையில் ஏறி மிதித்துப் பார்த்தான். வண்டி வெடுக்கென்று எழுந்தது. இதைப் பட்டறையில் எந்த வாடிக்கையாளரும் மெச்ச மாட்டார்.

உள்ளே போனபோது தலை முதல் கால்வரை வெள்ளைக் கல்தூசி. ஒரு கை தானாகவே இடுப்பைப் பிடித்திருந்தது.

அக்காள் பார்த்தாள். "எத்தனாவது கல்லு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"நாலாவது."

"நம்பர் போட்டு வரிசையில நின்னுச்சா?"

"முன்னாடியே ஒழுங்கா விவரமா சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"ஊரே கேக்கச் சொன்னேனேடா. அவங்களாவது கேட்டுட்டுச் சிரிச்சாங்க. நீ காதுலயே வாங்கல." குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே திட்டினாள். "கைப்பிள்ளையா இருந்தப்ப இந்த இடுப்புலதான் கெடந்த. அது வலிக்குதுன்னு சொன்னா நம்ப உனக்கு ஜீப்புல படுத்துப் பாக்கணும்."

குனிந்து அவளைத் தூக்கினான். அவள் திட்டிக்கொண்டே கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது அவன் அவள் காலடியில், ஜீப்பின் தரையில் உட்கார்ந்துகொண்டான். முதல் கல். இரண்டாவது. மூன்றாவது வந்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடினாள். நாலாவது போனது. ஐந்தாவதும் போனது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"நல்லாருக்குன்னு சொல்லிடாதே" என்றான்.

"எங்க நல்லாருக்கு? ஆடுது."

"ரோடு அப்படி."

"இப்பவாவது ரோட்டைத் திட்டுறியே."

வளைவில் முதலாளியின் கார் எதிரே ஏறி வந்தது. நல்ல கார், அதுவே முக்கிக்கொண்டுதான் வந்தது. முதலாளி கண்ணாடியை இறக்கினார். "என்னப்பா, ஷாக் எப்படி? ரோடே வேணாம்னு சொன்னேன்ல?"

மிளகாய் இறங்கிப் பாதை நடுவில் நின்றான். பதறிப்போய் மாமா ஸ்டியரிங்மேல் குனிந்துகொண்டார்.

"இறங்கி வாங்க முதலாளி."

"எதுக்கு?"

"பின்னாடி உக்காருங்க. கீழ ஆஸ்பத்திரி வரைக்கும் வாங்க. தலையணை தர்றேன். நான் நல்லாத்தான் திருகி வச்சிருக்கேன், இனிமே இதுல திருகறதுக்கு ஒண்ணும் இல்ல. மிச்சம் இருக்கறது உங்க ரோடு. ஒரு தடவை பின்னாடி உக்காந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

"வழிய விடுப்பா."

"விட மாட்டேன்."

காரின் பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. இன்னொன்று அடித்தது. முதலாளி ஏதோ சொன்னார், ஹாரனில் கேட்கவில்லை. ஜீப்புக்குள்ளிருந்து அக்காளின் குரல் அத்தனை ஹாரனையும் தாண்டி வந்தது.

"டேய், டாக்டர் போயிடுவாரு! வர்றப்ப முதலாளியை ஏத்திக்கலாம், வா!"

பின்னால் நின்ற லாரிக்காரன் சத்தம் போட்டுச் சிரித்தான். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காரைப் பின்னுக்கு நகர்த்தி, ஓரத்துப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க, ஜீப்புக்கு வழி விட்டார்.

"எனக்கு வேலை போச்சு" என்றார் மாமா.

"போகட்டும். இந்த ரோட்டுல ஓட்டுறதுக்கு வேற எந்தக் கிறுக்கன் வருவான்?" என்றாள் அக்காள்.

ஆஸ்பத்திரி ஏற்றத்தில் அவளுடைய இடது செருப்பு கழன்று அவன் மடியில் விழுந்தது. அவள் வெளியே பார்த்து லாரிகளைத் திட்டிக்கொண்டு வந்தாள், கவனிக்கவில்லை. அவன் கொப்புளத்தில் படாமல் செருப்பை மாட்டிவிட்டு, வாரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா காலை நோண்டுற?"

"செருப்பு கழண்டுச்சு."

"தெரியலையே."

"தெரியும், தெரியும். வாரம் தவறாம வந்தா தெரியும்" என்று எரிந்து விழுந்தான். வண்டி நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.