சிங்கராயனுக்குச் சொன்ன பொருள்

சிங்கராயனுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவன் தாய் வாந்திபேதியில் இறந்துபோனாள். வேறு நாதியில்லை. அரியலூருக்குக் கிழக்கே ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்கில் இருந்த ஸ்பெயின் நாட்டுச் சாமியார் எஸ்தேவான் அவனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். வளர்ந்தபின் சமையல், துணி துவைப்பது, கோயில் மணி அடிப்பது எல்லாம் அவன் தலையில் விழுந்தது. கல்யாணமானதும் பின்கட்டு அறையிலேயே குடித்தனம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒருநாள் சாமியார் தம் ஊருக்கு எழுதிய கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். தன் பெயருக்கு முன்னால் 'கிரியாதோ' என்று வந்தது சிங்கராயன் காதில் விழுந்தது.

"அப்டின்னா என்னங்க சாமி?"

சொற்களைத் தோண்டிப் பார்ப்பதில் சாமியாருக்கு ஆசை அதிகம். "லத்தீன்ல 'கிரெயாரே'ன்னா படைக்கிறது. அதுலேர்ந்து எங்க பாஷையில 'கிரியார்' வந்துச்சு, வளர்க்கிறதுன்னு அர்த்தம். கிரியாதோன்னா வளர்க்கப்பட்டவன்."

சிங்கராயன் மனைவி ராசாத்தியிடம் ஓடினான். "என்னையப் புள்ளைன்னுதான்டி எழுதுறாரு!"

மறுவருஷம் அவனுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்தது. போகலாம் என்று ராசாத்தி அழுது கெஞ்சினாள். வயசான தகப்பனை விட்டுட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டான்.

எண்பத்து நாலில் சாமியார் படுக்கையில் விழுந்தார். திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்தே ஸ்பெயினுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. பங்குக்கு வந்த புதுச் சாமியார் வெளிநாட்டில் படித்தவர், ஸ்பானிய மொழி அறிந்தவர்.

"நான் பெரிய சாமியோட கிரியாதோங்க" என்றான் சிங்கராயன்.

"வேலைக்காரரா? சமையலுக்கு வேற ஆளச் சொல்லிட்டேனே. அறையக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

"வேலைக்காரன் இல்லீங்க. வளர்த்த புள்ளை."

"வேர் அதுதாங்க. அந்தக் காலத்துல வூட்டோட வளர்ந்தவங்களே வூட்டு வேலையும் பாத்தாங்க. நாளாக நாளாக அந்தச் சொல்லு வேலைக்காரன்னே ஆயிடுச்சு. இப்ப அங்க யாரும் புள்ளையக் கிரியாதோன்னு சொல்றதில்ல."

சிங்கராயன் திருச்சிக்கு பஸ் ஏறினான்.

"எங்கிட்ட பொய் சொன்னீங்களா சாமி?"

"பொய் இல்லடா. சொல்லோட வேரைச் சொன்னேன்."

"லெட்டர்ல எந்த அர்த்தத்துல எழுதுனீங்க?"

சாமியார் எப்போதும் கேட்கிற அதே குரலில் தண்ணீர் கேட்டார். சிங்கராயன் ஊற்றிக் கொடுத்தான். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. அந்தக் கையின் மேல்தான் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அதன்பின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றினான். எண்பத்தேழில் ஸ்பெயினிலிருந்து பெரிய சாமியார் இறந்த செய்தி வந்து கோயிலில் பூசை வைத்தார்கள். ராசாத்தி மட்டும் போனாள். அன்று லாரி வராது என்று தெரிந்தும் சிங்கராயன் சுரங்கத்துக்குப் போய், பொழுது சாயும் வரை வெயிலில் உட்கார்ந்திருந்தான்.