ரெஜினா போகாத ஊர்

ரெஜினா பவ்லாக் செத்த அன்று அவள் வீட்டு வாசலில் பாதிப் பனிதான் அள்ளியிருந்தது. மீதிப் பாதியில் மண்வாரி குத்திட்டு நின்றது. பஃபலோவில் ஜனவரி வந்தால் இப்படிச் சிலர் போவார்கள். அறுபதை நெருங்கும் நெஞ்சு, ஈரம் குடித்த பனி, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட விடாத வீம்பு. ரெஜினாவிடம் வீம்புதான் எல்லாவற்றையும்விட அதிகம். அவள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அவள் கடைசி நாலைந்து வருஷம் வாழ்ந்த விதத்தை நினைத்தால் வருத்தத்தைவிடக் கோபம்தான் வருகிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த மாவு ஆலை ஒன்றை ஆய்வகமாக மாற்றியிருந்தார்கள். ரெஜினா வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். நான் சாமான் வாங்கிப் போடுபவள், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் திரிகிறவர்களை அதட்டுபவள். அந்த இரண்டாவது வேலையை நான் ரசித்தே செய்தேன். அதிகம் திட்டு வாங்கியவள் ரெஜினாதான்.

அவள் வாழ்நாளில் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு தூள். உலோக அணுக்களைக் கரிமச் சங்கிலிகளால் கோத்துச் செய்த படிகம் அது. உள்ளே முழுக்க துளைகள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கான துளைகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு சின்னவை. வறண்ட காற்றிலிருந்துகூட அந்தத் துளைகள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். லேசாகச் சூடு காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடும். பாலைவனத்தில் ஒரு பெட்டியில் இதைப் போட்டு வைத்தால் ஒரு குடும்பத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பது கணக்கு. படிகம் நீள நீளமாக மெல்லியதாக வளரும் என்பதால் எல்லாரும் அதை ஊசி என்றே சொல்வோம்.

முதல் தடவை ஊசி விளைந்தபோது அவள் குடுவையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள்.

"மார்ஸியா, இதப் பாருடி. வெளிச்சத்துல பிடிச்சா எப்படி மின்னுது பாரு."

"உன் கண்ணாடி எங்க?"

"நெத்தியில இருக்கு."

"நெத்தியிலயா உனக்குக் கண்ணு இருக்கு? மூக்குல மாட்டு, அப்புறம் பாக்கறேன்."

மாட்டினாள். பார்த்தேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லித் தொலைக்கவில்லை, சொல்லியிருந்தால் ஒரு மாசம் என்னை விட்டிருக்க மாட்டாள்.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, புதுக் கரைசலில் பழைய படிகத்தில் ஒரு துணுக்கைப் போடுவார்கள். புதுசு பழசைப் பார்த்து அதே மாதிரி வளரும். அந்தத் துணுக்குக்கு விதை என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு இருந்தாலும் போதும். இன்னொரு பழக்கமும் உண்டு. யாருக்காவது விளையவில்லை என்றால், விளையவைத்தவரையே கூப்பிட்டு அவர் கையால் செய்யச் சொல்வார்கள். படித்தவர்கள்தான், ஆனாலும் கைப்பக்குவத்தை நம்புவார்கள். ரெஜினாவின் கைக்கு அப்போது நல்ல பெயர்.

ஒரு செப்டம்பரில் ஒரு குடுவையில் ஊசிக்குப் பதிலாகக் குட்டையான, கனமான கட்டிகள் வந்தன. யாரோ சரியாகக் கழுவாத குடுவை என்று கொட்டிவிட்டார்கள். மறுவாரம் இன்னும் சில குடுவைகளில் அதே கட்டி. அந்த மாசம் முடியும்போது எதைப் போட்டாலும் கட்டிதான். சோதித்துப் பார்த்தால் அதே அணுக்கள், அதே அளவில். அடுக்கின விதம் மட்டும் வேறு. இறுக்கமாக, வசதியாக, துளையே இல்லாமல். அணுவுக்கும் சோம்பல் உண்டு. நெருக்கிப் படுக்க இடம் இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் விறைப்பாக நின்று துளையைக் காக்க அதற்கு என்ன தலையெழுத்து. இந்தக் கட்டிக்குச் செங்கல் என்று பெயர் வைத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அது குடிக்காது.

சுவரெல்லாம் துடைத்தோம். குடுவைகளை உடைத்துப் போட்டுப் புதுசு வாங்கினேன். காற்று வடிகட்டிகளை மாற்றினோம். செங்கல்தான் வந்தது.

எங்களிடமிருந்து முன்பே ஊசி வாங்கிப் போய் வளர்த்துக்கொண்டிருந்த கூட்டாளி ஆய்வகங்கள் சில இருந்தன. அங்கெல்லாம் நன்றாகவே விளைந்துகொண்டிருந்தது. ரெஜினா என்ன செய்தாள்? அந்தத் தொழிலில் யாரும் செய்வதைத்தான் செய்தாள். காரை எடுத்துக்கொண்டு கிளீவ்லாந்து போனாள், பிட்ஸ்பர்க் போனாள், எல்லை தாண்டி டொரோன்டோ போனாள். ஒவ்வொரு இடத்திலும் தன் கையாலேயே கரைசல் கலக்கி, எங்கே தப்பு என்று பார்த்தாள். அங்கே அவள் கையாலும் ஊசிதான் வந்தது. சந்தோஷமாகத் திரும்பினாள். அவள் திரும்பிய சில வாரத்தில் கிளீவ்லாந்தில் செங்கல். பிறகு பிட்ஸ்பர்க்கில். பிறகு டொரோன்டோவில்.

சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் அதையே பார்த்தாள்.

"மார்ஸியா, அது குடுவையில இல்லடி. எங்கிட்ட இருக்கு."

"எது?"

"விதை. செங்கல் விதை. என் தலையில, சட்டையில, நகத்துக்கு அடியில. நான் போன இடமெல்லாம் தூவிட்டு வந்திருக்கேன்."

"சும்மா உளறாத."

"சிரக்யூஸ்ல மட்டும் இன்னும் ஊசி வருது. ஏன் சொல்லு?"

ஏன் என்று எனக்கும் தெரியும். சிரக்யூஸ் போக வேண்டிய வாரத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்காக அந்தப் பயணத்தை மட்டும் ரத்து செய்திருந்தாள்.

சிரக்யூஸ் ஆய்வகத்தை நடத்தியது யூனிஸ் டாம்லின். எங்களிடம் ரெஜினாவுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு, செங்கல் வருவதற்கு வெகு முன்பே தனியாகப் போனவள். கெட்டிக்காரி, வாய் குறைவு. ரெஜினா அன்றே அவளுக்குப் போன் போட்டாள். எங்கள் கட்டடத்திலிருந்து யாரையும் உள்ளே விடாதே, நான் வந்தால் என்னையும் விடாதே, கடிதம்கூடப் பிரிக்காதே என்றாள். உலகத்தில் ஊசி மிச்சமிருந்த ஒரே இடம் அது.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ரெஜினாவிடம் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கிளீவ்லாந்தில் ஒரு மாநாடு. அவள் கை நீட்டினாள். எதிரே நின்ற பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கிக்காட்டிப் பின்வாங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ரெஜினா, எங்க ஆய்வகத்துல வேற படிகம் வளருது."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் படிகத்துக்கும் செங்கலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஊசியும் செங்கலும் ஒரே பொருள் என்பதால்தான் ஒன்று மற்றதைக் கெடுத்தது. வேறு பொருளை அது தொடவே தொடாது. இது அந்த மனிதருக்கும் தெரியும். தெரிந்தும் கையைத் தூக்கினார். அன்றைக்கு அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. "செங்கல் வருது" என்று காதில் விழுகிற மாதிரியே ஒருத்தன் சொன்னான்.

எங்கள் மேலாளர் ஹால்வர்சன் அந்தக் குளிர்காலத்தில் அவளை வேலையை விட்டு அனுப்பினார். தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். அவ்வளவு தடவை சொன்னாலே விஷயம் தெரிந்துவிடுகிறது.

ரெஜினா தலையை மழித்துக்கொண்டாள். துணிமணியை எல்லாம் எரித்துவிட்டுப் புதுசு வாங்கினாள். வீட்டுக் கம்பளத்தைக் கிழித்து எறிந்தாள். கையை மட்டும் நாள் முழுக்கக் கழுவினாள். நான் கட்டிப்பிடிக்கப் போனால் விலகிவிடுவாள்.

"உன் கோட்டுல ஒட்டும்டி. நீ கடைகண்ணிக்குப் போவ, அங்க எவனாவது சிரக்யூஸ்காரன் வருவான்."

"அவன் என் கோட்டை நக்கிட்டுப் போய் யூனிஸ் குடுவையில துப்புவானா?"

"துப்ப வேண்டாம். தும்மினாப் போதும்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை மட்டும் கெஞ்சினாள். ஊசியைப் பார்க்க வேண்டும், தூரத்தில் நின்றாவது. வசந்தத்தில் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். யூனிஸின் கட்டடத்துக்கு எதிரே சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு டயர் கடை. அதன் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்தோம். ரெஜினா பறவை பார்க்கிற தொலைநோக்கி கொண்டுவந்திருந்தாள். மாடி ஜன்னலுக்கு யூனிஸ் வந்து, ஒரு குடுவையை வெயிலில் தூக்கிப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். என் வெறுங்கண்ணுக்கே ஒரு மினுக்கம் தெரிந்தது. ரெஜினா தொலைநோக்கியை இறக்கவே இல்லை. யூனிஸுக்குக் கை வலித்திருக்கும், அவளும் இறக்கவில்லை.

"நல்லா வளக்கறா," என்றாள் ரெஜினா கடைசியில். "என்னைவிட நீளமா வளக்கறா. வண்டிய எடு."

திரும்பும் வழியெல்லாம் அழுதாள். நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன், அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போன வருஷம் ஈஸ்டர் நோன்பின்போது, வெள்ளிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் பொரித்த மீன் சாப்பிடப் போயிருந்தோம். மீனைப் பிட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் செத்தா யூனிஸ் வரக்கூடாது."

"மீனைத் தின்னு."

"கேளுடி. நம்ம பழைய கும்பல் மொத்தமும் வரும். ஒவ்வொருத்தன் கோட்டுலயும் செங்கல் இருக்கும். எம்மேல இருக்கறது போதாதுன்னு அதுவேற. அவ வந்தா எல்லாம் போச்சு. நீ வாசல்ல நின்னு அவளத் தடுக்கணும்."

"நான் முன்னாடிப் போயிட்டா?"

"நீ போகமாட்ட. திட்ட ஆள் இருக்கற வரைக்கும் நீ இருப்ப."

சரி என்றேன். வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை, சத்தியமாகவே சொன்னேன்.

அதனால்தான் ஜனவரியில், அவள் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த சவ இல்லத்தின் வாசலில், மூக்கு உறைகிற குளிரில் நான் நின்றேன். முந்தின நாளே யூனிஸிடம் வர வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். உள்ளே திறந்த பெட்டியில் ரெஜினா கிடந்தாள். பழைய கும்பல் வந்தது. ஹால்வர்சன் வந்தார். எல்லாரும் பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று, தலை குனிந்து, காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். செத்தபிறகுகூட ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை.

யூனிஸின் கார் வந்து நின்றது. நேரே படியேறி வந்தாள்.

"போகாத யூனிஸ். அவ எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

"தெரியும். எங்கிட்டயும்தான் வாங்கினாங்க."

"அப்ப ஏன் வந்த? உங்கிட்டதான கடைசியா இருக்கு. அது அவளோட உசுருடி."

"அவங்க உசுரு போயிடுச்சு மார்ஸியா. நகருங்க."

அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். கையை நீட்டவும் செய்தேன். பாதியில்தான் உறைத்தது. என் கோட்டிலும் கையுறையிலும் இத்தனை வருஷத்துச் செங்கல் இருக்கிறது. தடுக்கத் தொட்டால், எதைத் தடுக்க நிற்கிறேனோ அதை நானே செய்தவள் ஆவேன். நீட்டிய கையோடு அப்படியே நின்றேன். யூனிஸ் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு வழியாகப் பார்த்தேன். பெட்டி ஓரத்தில் முழங்கால் போட்டாள். தன் கையுறையைக் கழற்றினாள். ரெஜினாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். காப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஹால்வர்சன் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார்.

யூனிஸ் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் குளித்து, உடையை எல்லாம் குப்பையில் போட்டு, ஆய்வகத்துப் பக்கமே போகாமல் வாரக்கணக்கில் இருந்தாள். பனி உருகும் சமயத்தில் எனக்குப் போன் செய்தாள்.

"செங்கல்," என்றாள்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். பழைய ஊசிய விதையாப் போட்டும் பாத்தாச்சு. செங்கல்தான் ஜெயிக்குது."

எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. ரெஜினா கட்டிக்காத்ததை ஒரு மத்தியானத்தில் தொலைத்துவிட்டாயே என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கட்டும் என்று யூனிஸ் காத்திருந்தாள். எங்களில் யாருமே காலடி வைக்காத ஏதோ ஒரு ஊரில் யாராவது மறுபடி முதலிலிருந்து செய்தால் ஊசி வரலாம் என்கிறார்கள். வரட்டும். அதில் ரெஜினாவின் விதை இருக்காது.

கத்தி ஓய்ந்தபிறகு, என்ன கேட்கிறேன் என்று யோசிக்காமலே கேட்டேன். பக்கத்திலேயே இருந்தும் கடைசி வருஷங்களில் என்னைத் தொடவிடாதவள் அவள்.

"அவ கை எப்படி இருந்துச்சு?"

"சொரசொரன்னு இருந்துச்சு மார்ஸியா. தோலே இல்ல. கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு."