அமாவாசைத் தண்ணீர்

எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குச் சாயப்பட்டறையிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். திருப்பதியில் சுற்றுச்சூழல் பொறியியல் மேற்படிப்புப் படித்த எங்கள் வகுப்பில் இந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை வைத்து நான் செய்த காரியத்தை இத்தனை வருடமாக ஒரே ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், நகரிக்குப் பக்கம். வெளிநாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கியதும் கைத்தறி போய் பவர்லூம் வந்தது. சாயப்பட்டறைகள் தெருவுக்கொன்றாக முளைத்தன. என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார்கள். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, ஊரிலேயே ஒரு பட்டறையில் சாயத் தொட்டியில் வேலை செய்தார். அவர் முழங்கை வரை என்ன நிறமோ, அதுதான் அன்றைக்கு ஊர்க் கால்வாயின் நிறம். நான் படித்தது அந்தக் கையால்தான்.

கடைசி வருட புராஜெக்ட் சாயக் கழிவுநீரைப் பற்றியது. எனக்கு வழிகாட்டியாக வந்த சார் கறாரான மனிதர். உள்ளூர்க்காரிக்கு வழி தெரியும் என்று எங்கள் ஊரையே என் தலையில் கட்டினார். ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அரசாங்கத்துக்குப் போகும் என்றும் சொன்னார். போனால் பட்டறைக்குப் பூட்டு. நைனாவுக்கு வேறு தொழில் தெரியாது.

கால்வாய்த் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்று ஊருக்குப் போய்ச் சொன்னேன். நைனா தட்டிலிருந்து தலை நிமிராமல், "அமாவாச அன்னிக்கி வந்து எடுத்துக்கினு போயேன்" என்றார். பேச்சு உடனே அம்மாவின் மேல் பாய்ந்தது.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது. அம்மா சோற்றுக்கு உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டாள். கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. "திருட்டுத்தனமா ஊறுகா துன்றா இவ. டாக்டர் கிட்ட எம் மானம் போவுது" என்று நைனா கத்தினார். "சாமி சத்தியமா துன்னல" என்றாள் அம்மா. நாங்கள் இரண்டு பேருமே நம்பவில்லை. ஊறுகாய் ஜாடியை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்த புண்ணியவதியே நான்தான்.

அமாவாசையன்று போனேன். முந்தின நாள் நல்ல மழை. பட்டறை மூடிக் கிடந்தது. கால்வாயில் தெளிந்த மழைத் தண்ணீர் ஓடியது. திருடியைப் போல அக்கம்பக்கம் பார்த்து ஒரு பாட்டிலை நிரப்பினேன். அதோடு ஒப்பிட ஒரு நல்ல தண்ணீரும் வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். யோசிக்கவே இல்லை, எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டாவது பாட்டிலை நிரப்பினேன். நான் வளர்ந்தது அந்தத் தண்ணீரில். ஹாஸ்டல் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று தினமும் திட்டுகிறவள் நான். நல்ல தண்ணீர் என்றால் எனக்கு அந்தக் கிணறுதான்.

மறுநாள் லேபில் உப்புச் சோதனை. தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். பிறகு மேலே நிற்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். எவ்வளவு அதிகம் இறங்குகிறதோ அவ்வளவு உப்பு. கால்வாய்த் தண்ணீர் சீக்கிரமே நிறம் மாறியது. அப்பாடா என்றிருந்தது. சார் பின்னால் வந்து நின்றார். கிணற்றுத் தண்ணீரை வைத்தேன். மஞ்சள். விட்டுக்கொண்டே இருந்தேன், அப்போதும் மஞ்சள். குழாய் காலியாகிவிட்டது. மறுபடி நிரப்பும்போது விரலில் சிந்தியது.

"ஏமம்மா, லேபிள் மாரிந்தா?" என்றார் சார் தெலுங்கில். பாட்டிலில் ஒட்டிய சீட்டு மாறிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றால் பட்டறை மாட்டும். இல்லை என்றால் உப்பு எங்கள் கிணற்றில்தான். "லேது சார். இது எங்க வீட்டுத் தண்ணி" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "தாகுதாரா?" என்றார். குடிக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயம் நூலில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவார்கள். அது கால்வாயில் இறங்கி, மண்ணில் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்திருக்கிறது. மழை கால்வாயைக் கழுவும், கிணற்றைக் கழுவாது. கால்வாய்த் தண்ணீரை மறுபடி எடுக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னேன். ஏன் என்றார். அமாவாசை விஷயத்தைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் திட்டியது நியாயம்தான்.

சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து எங்கள் தெருக் கடைக்குப் போன் போட்டு நைனாவை வரவழைத்தேன். "நைனா, நம்ம கெணத்துத் தண்ணி பூரா உப்பு. பட்டற உப்பு. அம்மாவ அதக் குடிக்க வோணான்னு சொல்லு."

"அப்போ உங்கம்மா ஊறுகா துன்னலியா?" என்றார்.

"இல்ல நைனா."

போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் வேலை நாளாகப் பார்த்துப் போனேன். கால்வாய் நாவல்பழ நிறத்தில் நுரைத்து ஓடியது. பட்டறை வாசலில் முதலாளி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். நான் கரையில் குனிவதைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "இன்னாய்யா, யாரு அது? இன்னா பண்ணிக்கினு கீது?"

நைனா வெளியே வந்தார். முழங்கை வரை அதே நாவல்பழ நிறம். நேராக என்னிடம் வந்து பாட்டிலைப் பிடுங்கினார். எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பட்டறைக் குழாய் கொட்டும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பினார்.

"இங்க புடிக்கணும். அங்க கலந்துபூடும்" என்று சொல்லி மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார். பிறகு திரும்பி, முதலாளி கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"எம் பொண்ணு."